சமாதான மாளிகையில் இரண்டு திருடர்கள்

அத்தியாயம் 3

மாஸ்டர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒற்றைக் கண்ணால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், தூக்கம் வருதுன்னா சொல்லுங்க, தலகாணி கொண்டு வரேன்" என்றாள் ரேடியோ.

"பேசாம டேப்போட அந்த முனையைப் பிடி."

"பிடிக்கிறேன். பேசாமங்கிறதுதான் கஷ்டம்."

பதினெட்டு வருடம் தையல் கடை வைத்திருந்தவர் மாஸ்டர். இடுப்பளவைப் பற்றி ஊரில் எத்தனை பேர் எத்தனை விதமாகப் பொய் சொல்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார். கத்தரிக்கோலை விட்டுவிட்டார். கழுத்தில் தொங்கும் டேப்பை மட்டும் விடவில்லை. ரேடியோ அவருடைய ஒரே உதவியாளர். அந்தப் பட்டப் பெயர் ஏன் வந்தது என்று அவளோடு ஐந்து நிமிடம் இருந்தவர்கள் யாரும் கேட்டதில்லை. ஆனால் இன்றைக்கு அவள் வாய் ஓயாமல் பேசியதற்குக் காரணம் பயம். இந்த வழக்கில் திருடி என்று பழி விழுந்திருப்பது அவளுடைய சித்தி மேல்.

மணி ஒன்றேகால். நான்கு மணிக்குள் உண்மையான திருடன் அகப்படாவிட்டால், இருபத்தாறு வருடமாக இந்த மாளிகையைத் துடைத்துப் பெருக்கிய சித்தியைப் போலீஸ் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

எழுபது வருடத்துக்கு முன்னால் அண்டை நாடுகள் இரண்டு அடித்துக்கொண்டு ஓய்ந்து, கையெழுத்துப் போட்டுச் சண்டையை நிறுத்திய கூடம் இது. மாளிகை எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. கூடத்தின் நடுவே தரையில் பதித்திருக்கும் பித்தளைப் பட்டைதான் எல்லை. பட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு, இந்தப் பக்கம் ஒரு நாடு. எந்த நாட்டின் பெயரை முதலில் சொல்வது என்ற தகராறு இன்னும் தீராததால், மாளிகைக்குள் இரண்டின் பெயரையும் யாரும் உச்சரிப்பதில்லை. இடது நாடு, வலது நாடு என்பார்கள். எங்கே நின்று பார்த்தால் இடது என்பதற்குத் தனியாக ஒரு துணை ஒப்பந்தம் இருக்கிறதாம்.

கூடத்தில் எல்லாமே இரண்டிரண்டு. இடது கதவு, வலது கதவு. இடது கடிகாரம், வலது கடிகாரம். நீள மேஜையின் பாதி இடது நாட்டில், பாதி வலது நாட்டில். பட்டைக்கு இரண்டு எட்டு தள்ளி இந்தப் பக்கம் ஒரு கண்ணாடிப் பேழை, இரண்டு எட்டு தள்ளி அந்தப் பக்கம் ஒரு கண்ணாடிப் பேழை. ஒன்றில் ஒப்பந்தத்தின் இடது பிரதி, இடது நாட்டு மொழியில். மற்றதில் வலது பிரதி, வலது நாட்டு மொழியில். காலையில் சித்தி வந்து பார்த்தபோது பேழைகள் இரண்டும் பூட்டியபடி இருந்தன. உள்ளே இரண்டு பிரதியும் இல்லை.

இன்று மாலை இரு நாட்டுப் பெரிய மனிதர்களும் வந்து, எழுபதாவது ஆண்டை முன்னிட்டு, ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் முதல் தடவையாக உரக்க வாசிக்கப்போகிறார்கள். வாசிக்கத்தான் ஒன்றும் இல்லை.

"சார், நாங்க ஏற்கனவே கண்டுபிடிச்சாச்சு" என்றார் இடது கதவருகே நின்ற இன்ஸ்பெக்டர். "ரெண்டு திருடனுங்க. ஒருத்தன் இந்தக் கதவு வழியா, ஒருத்தன் அந்தக் கதவு வழியா."

"ஆமா, ரெண்டு திருடனுங்க" என்றார் வலது கதவருகே நின்ற இன்ஸ்பெக்டர். அவர் வேறு நாட்டுக்காரர். ஆனால் அதே மீசை, அதே தொப்பை.

"எப்படி சொல்றீங்க?" என்று தரையிலிருந்தே கேட்டார் மாஸ்டர்.

"தரையில கால் தடம் இருக்கே! நேத்து சாயங்காலம் அந்தம்மா தரைக்கு மெழுகு போட்டுட்டுப் போயிருக்கு. ஈர மெழுகுல ஒருத்தன் இடது கதவுல வந்து, இடது பேழை வரைக்கும் போய், திரும்பிப் போயிருக்கான். இன்னொருத்தன் வலது கதவுல வந்து, வலது பேழை வரைக்கும் போய், திரும்பிப் போயிருக்கான். நடுவுல பித்தளைப் பட்டையைத் தாண்டி ஒரு தடம்கூட இல்ல. அப்ப ரெண்டு பேர்தானே?"

"பட்டையைத் தாண்ட முடியாதே சார்" என்று வலது இன்ஸ்பெக்டர் விளக்கினார். "எல்லையாச்சே."

ரேடியோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மெழுகில் பதிந்த தடங்கள் ஒரே மாதிரி வழவழவென்றுதான் இருந்தன. மாளிகைக்குள் யார் வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுக்கும் துணிச் செருப்பைத்தான் போட வேண்டும். ஒரே அளவில் இருபது ஜோடி. தடத்தை வைத்து ஆளைப் பிடிப்பதாவது!

"சரி, ரெண்டு திருடனுங்க. எங்க சித்தி எதுக்கு?" என்றாள்.

"பேழைச் சாவி ஆபீஸ் டிராயர்ல இருக்கு. ஆபீஸ் சாவி மூணே பேர்கிட்டதான். காப்பாளர், நெறிமுறை அதிகாரி, உங்க சித்தி. மத்த ரெண்டு பேரும் பெரிய உத்தியோகத்துல இருக்கிறவங்க."

"ஓ! எங்க சித்தி துடைப்பம் பிடிச்சதுதான் தப்பா?"

"நாங்க அப்படிச் சொல்லல" என்றார் இடது.

"அப்படித்தான் வருதுன்னு சொல்றோம்" என்றார் வலது. எழுபது வருடத்தில் இரு நாடும் இவ்வளவு ஒத்துப்போனதை ரேடியோ கேள்விப்பட்டதில்லை.

சித்தியை இன்னும் கைது செய்யாததற்கும் காரணம் கருணை இல்லை. எந்த நாடு கைது செய்வது என்று முடிவாகவில்லை. சித்தி இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் வாக்கப்பட்டவள். இப்போது அவள் உட்கார்ந்திருப்பதோ கூடத்தின் பின்சுவரை ஒட்டிய துடைப்ப அறையில். பித்தளைப் பட்டை நேரே போய் அந்த அறைக் கதவுக்கு அடியில்தான் நுழைகிறது. சித்தியின் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. நான்கு மணிக்குப் பெரிய மனிதர்கள் வந்து கூட்டாகக் கைது செய்யலாம் என்று கைகுலுக்கினால் போதும்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் சித்தி. அழவில்லை. அதுதான் ரேடியோவுக்குத் தாங்கவில்லை.

"சித்தி, நேத்து நீ பூட்டிட்டுத்தானே போனே?"

"எத்தனை தடவைடி கேப்பே? பூட்டினேன். காலையில ஆறு மணிக்கு வந்தேன். பேழை காலியா கிடந்தது. நானே போய்தான் சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா, நாலு மணி வரைக்கும் ஒருத்தனும் கவனிச்சிருக்க மாட்டான்."

அது உண்மைதான். அந்தப் பேழைகளை யாரும் பார்ப்பதில்லை. அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி.

மாஸ்டர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். வெள்ளைக் கால்சட்டையில் இரண்டு வட்டமாக மெழுகு. "அம்மா, நீங்க கூடத்தைத் துடைக்கிறப்போ எப்படித் துடைப்பீங்க? இடது பக்கம் முடிச்சுட்டு, வெளிய போய், சுத்தி வந்து, வலது பக்கமா?"

சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கு வேற வேலை இல்லையா? இந்தக் கோடியில ஆரம்பிச்சா அந்தக் கோடி. அழுக்குக்கு ஏது சார் நாடு?"

"அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார் மாஸ்டர்.

அந்த நேரம் பார்த்து காப்பாளர் முட்டியைப் பிடித்துக்கொண்டே நொண்டி நொண்டி வந்தார். மாளிகைக்கு அவர்தான் பொறுப்பு. இரண்டு நாடும் சேர்ந்து நியமித்தவர். அதனால் இரண்டு நாட்டிடமும் திட்டு வாங்குகிறவர். அவர் பின்னால் கையில் நிகழ்ச்சி நிரலோடு வந்தார் நெறிமுறை அதிகாரி. விழாவுக்காக ஒரு வாரமாக மாடி அறையிலேயே தங்கியிருக்கிறார். யார் முதலில் வருவது, யார் எங்கே உட்காருவது, யார் எத்தனை அங்குலம் குனிவது எல்லாம் அவர் சொல்வதுதான். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைச் 'சரிசமம்' என்பார்கள். அவர் கைக்குட்டையைக்கூட நான்காக மடித்து இரண்டு சட்டைப் பையிலும் ஒவ்வொன்று வைத்திருந்தார்.

"பிரதிகள் கிடைக்காத பட்சத்தில்" என்று ஆரம்பித்தார் சரிசமம். அவர் பேசுவதே அச்சடித்த மாதிரி இருக்கும். "வாசிப்பு நிகழ்ச்சி நடைபெற வாய்ப்பில்லை. வருந்தத்தக்கது."

"ரொம்ப வருத்தமாத்தான் தெரியறீங்க" என்றாள் ரேடியோ. "காலையில நல்லா சாப்பிட்டீங்களா?"

"ரேடியோ, சத்தத்தைக் குறை" என்றார் மாஸ்டர்.

அவர் இன்ஸ்பெக்டர்கள் பக்கம் திரும்பி, இரண்டு பேரும் போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்றார். இடது இன்ஸ்பெக்டர் இடது கதவு வழியாகவும், வலது இன்ஸ்பெக்டர் வலது கதவு வழியாகவும் போனார்கள். இரண்டு டீக்கடைகள் வேறு இருக்கின்றன போலிருக்கிறது.

மாஸ்டர் டேப்பை விரித்து ரேடியோவிடம் காட்டினார். "இடது பக்கத் தடம், ஒரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் இருபத்தாறு அங்குலம். வலது பக்கம்?"

"இருபத்தாறு."

"ரெண்டு திருடனுங்களுக்கு ஒரே அளவுல எட்டு. பதினெட்டு வருஷத்துல நான் இரட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட ஒரே அளவுல கால்சட்டை தைச்சதில்ல. இப்போ வலது பக்கத் தடத்தை உத்துப் பாரு."

ரேடியோ குனிந்தாள். மெழுகில் அங்கங்கே கடுகளவு மண். "தோட்டத்து மண். இடது பக்கம் இல்ல."

"பின்பக்கத் தோட்டத்துல நேத்துதான் கொத்திவிட்டிருக்காங்க. மாளிகையைச் சுத்தி வந்தா அதுலதான் கால் வைக்கணும். அப்ப என்ன நடந்திருக்கு?"

ரேடியோ பதில் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நிறுத்திவிட்டாள். அது அவள் வாழ்க்கையில் அபூர்வம்.

"ஒரே ஆளு" என்றாள் மெல்ல. "இடது கதவுல வந்து இடது பிரதியை எடுத்திருக்கான். இடது கதவுலயே வெளிய போயிருக்கான். தோட்டத்தைச் சுத்திட்டு வலது கதவுல வந்து வலது பிரதியை எடுத்திருக்கான். மாஸ்டர்! நடுவுல நாலு எட்டுதானே? திருட வந்தவன் எதுக்கு வீட்டையே சுத்தணும்?"

"அதைத்தான் காலையிலேர்ந்து ரெண்டு நாட்டுப் போலீஸும் கேக்கல. அவங்களுக்கு அதுல ஒரு விசேஷமும் தெரியல. பட்டையைத் தாண்டக் கூடாதுன்னா தாண்டக் கூடாது. திருடனா இருந்தாலும் சரி."

காப்பாளரும் சரிசமமும் மேஜையின் இடது பக்கம் நின்று, மாலை விழாவுக்காகப் பரப்பிய வெள்ளை விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். இவர்கள் பேசுவது அங்கே கேட்காது. மாஸ்டர் ரேடியோவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மேஜையின் மேல் இரண்டு மைக்கூடுகள் இருந்தன, ஒரு நாட்டுக்கு ஒன்று. மாஸ்டர் சாவகாசமாக வலது பக்கம் போய், விரிப்பின் ஓரத்தை அளப்பதுபோல் டேப்பை இழுத்தார். டேப் மைக்கூட்டில் மாட்டியது. மைக்கூடு சாய்ந்து உருள ஆரம்பித்தது.

"ஐயோ! மை!" என்று அலறினாள் ரேடியோ. கூரையே கிடுகிடுத்தது. "வலது பக்கத்து விரிப்பு போச்சு!"

காப்பாளர் முட்டி வலியை மறந்தார். எல்லையை மறந்தார். இரண்டே தாவலில் பித்தளைப் பட்டையைத் தாண்டிப் போய், விளிம்பிலிருந்து விழப்போன மைக்கூட்டைக் கையில் ஏந்தினார்.

சரிசமமும் ஓடினார். முகம் வெளுத்து, நிகழ்ச்சி நிரலைக் கீழே போட்டுவிட்டு, தலைதெறிக்க ஓடினார். ஆனால் மைக்கூடு இருந்த பக்கம் ஓடவில்லை. இடது கதவு வழியாக வெளியே பாய்ந்தார்.

கூடம் அமைதியாக இருந்தது. வெளியே தோட்டத்தில் யாரோ செடிகளை மிதித்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. ரேடியோ விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பத்தெட்டு எண்ணி முடிக்கும்போது வலது கதவு படாரென்று திறந்தது. சரிசமம் மூச்சிரைக்க வந்து நின்றார். துணிச் செருப்பெல்லாம் மண். தலையில் ஒரு இலை.

"மை... மை கொட்டியதா?"

"அது வெறும் கூடு சார். இன்னும் ஊத்தவே இல்ல" என்றார் மாஸ்டர். "காப்பாளர் சார், உங்க முட்டி எப்படி இருக்கு?"

"உயிர் போகுது" என்றார் காப்பாளர்.

"ராத்திரியில வீட்டைச் சுத்தி நடந்திருக்க மாட்டீங்க. அந்தம்மாவும் நடந்திருக்க மாட்டாங்க. அவங்க அழுக்குக்கு நாடு பார்க்கிறதில்ல. நாலு எட்டுல இருக்கிற பேழைக்குத் தோட்டத்தைச் சுத்திப் போய் திருடுற ஆளு இந்த ரெண்டு நாட்டுலயும் ஒருத்தர்தான்."

சரிசமத்தின் கை தானாகத் தலைக்குப் போய் அந்த இலையை எடுத்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு சட்டைப் பைக்கும் ஒரு இலை வேணுமா?" என்றாள் ரேடியோ.

"பிரதிகள் எங்கே என்று நான் சொல்ல இயலாது" என்றார் அவர். 

"நீங்க சொல்ல வேண்டாம். இடது பிரதியை வலது பக்கம் வைக்க உங்களுக்கு மனசு வராது. வலது பிரதியை இடது பக்கம் வைக்கவும் வராது. ரெண்டையும் பிரிச்சு வைக்கவும் பயம், ஒண்ணு முதல்ல அகப்பட்டா இன்னொரு நாட்டுக்குக் குறை. ரெண்டுக்கும் பொதுவான இடமா வேணும். இந்த மாளிகையில எல்லை மேலேயே இருக்கிற அறை ஒண்ணே ஒண்ணுதான். அதோட பின்கதவும் தோட்டத்துப் பக்கம்தான், நீங்க சுத்தின வழியில." மாஸ்டர் துடைப்ப அறையைக் காட்டினார். "அம்மா, கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?"

சித்தி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் பழைய துணிகள் அடுக்கிய பலகை. துணிகளுக்கு அடியில் கை விட்டாள் ரேடியோ. தோல் அட்டை போட்ட இரண்டு கனமான பிரதிகள் வெளியே வந்தன. தூசி படக் கூடாதென்று ஒவ்வொன்றையும் ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்தார் மனிதர்.

ரேடியோவுக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர்கள் இந்த அறையைச் சோதனை போட்டிருப்பார்கள். சித்தி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் இரண்டையும் கண்டெடுத்திருப்பார்கள். அப்புறம் எந்த மாஸ்டர் வந்து என்ன அளந்து என்ன?

"இங்க வெச்சா யார் தலையில விழும்னு யோசிச்சீங்களா சார்?" அவள் குரல் உடைந்தது. இந்தத் தடவை கேலி இல்லை.

சரிசமம் அவளைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். "இல்லை" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அது யாருக்கும் உரியதல்லாத அறை என்று நினைத்தேன்."

"இருபத்தாறு வருஷமா அது எங்க சித்தி அறை. யாருக்கும் இல்லையாம். கேட்டியா சித்தி? ரெண்டு நாட்டுக்கும் தட்டுல எத்தனை கரண்டின்னு கணக்கு வெச்சிருக்கிற மனுஷனுக்கு நீ ஒரு ஆளாவே தெரியல."

சித்தி பிரதிகளைச் சுற்றியிருந்த கைக்குட்டைகளை அவிழ்த்து மடித்து அவரிடம் நீட்டினாள்.

"எதுக்கு சார் எடுத்தீங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

சரிசமம் கவிழ்ந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார். இது எந்த நாட்டு வாளி என்றுகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நொந்துபோயிருந்தார்.

"வாசிப்புக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்கிட, நேற்று இரண்டையும் வாசித்தேன். எழுபது வருடத்தில் இரண்டையும் சேர்த்து வாசித்தது நான்தான். எதிர்த்தரப்புப் பிரதியை எட்டிப் பார்ப்பது மரியாதை அல்ல என்பது இங்கே மரபு. இடது நாட்டார் இடது பிரதியோடு நிற்பார்கள், வலது நாட்டார் வலது பிரதியோடு. நான் இரண்டு மொழியும் அறிந்தவன்." எச்சில் விழுங்கினார். "ஏழாவது பக்கம். ஆற்றின் நடுவே இருக்கும் மணல் திட்டைப் பற்றியது. அதற்காகத்தான் அன்று போரே நடந்தது. இடது பிரதியில், திட்டு இடது நாட்டுக்கு என்று இருக்கிறது."

"வலது பிரதியில?"

"வலது நாட்டுக்கு."

காப்பாளர் மைக்கூட்டைக் கீழே வைத்தார். இல்லாவிட்டால் இந்தத் தடவை நிஜமாகவே விழுந்திருக்கும்.

"பத்தொன்பது நாள் சண்டை போட்டிருக்கிறார்கள்" என்றார் சரிசமம். "இருபதாம் நாள் எழுதியவர்கள் வேண்டுமென்றே இப்படி எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இரு தரப்பும் ஊருக்குப் போய் வென்றுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டன. இன்று மாலை இரண்டையும் அடுத்தடுத்து உரக்க வாசித்தால், பட்டைக்கு இரண்டு பக்கமும் இராணுவம் வந்து நிற்கும்."

"அந்தத் திட்டுல அப்படி என்ன இருக்கு?" என்றாள் ரேடியோ.

"கொஞ்சம் நாணல். நிறைய கொக்கு."

"வாசிப்பை ரத்து பண்ணியிருக்கலாமே சார்! நிகழ்ச்சி நிரலே உங்க கையிலதானே இருக்கு?"

சரிசமம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அச்சாகிவிட்டதே! அச்சான நிகழ்ச்சி நிரலை எப்படி மாற்றுவது?"

ரேடியோ மாஸ்டரைப் பார்த்தாள். நிரலில் ஒரு வரியை அடிப்பதைவிடப் பூட்டைத் திறந்து திருடுவது மரியாதை என்று ஒரு மனிதன் மனதார நம்பியிருக்கிறான். சிரிக்கவும் முடியவில்லை, அறையவும் முடியவில்லை.

"இன்ஸ்பெக்டருங்க வந்துடுவாங்க" என்றார் காப்பாளர் பதறிப்போய். "உண்மையைச் சொன்னா சண்டை. சொல்லலேன்னா..." என்று சித்தியைப் பார்த்தார். மேலே சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

"சொல்லலேன்னா எங்க சித்தி ஜெயில். ரெண்டு நாடும் சுகமா இருக்கலாம், இல்ல? நான் விடமாட்டேன். ஏழாவது பக்கத்தை நானே கத்தி வாசிக்கிறேன்."

"கத்தாதடி" என்றாள் சித்தி. "ஏழாவது பக்கம் எனக்குத் தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"வெளிச்சம் பட்டு ஒரே பக்கம் மங்கிடக் கூடாதுன்னு மாசத்துக்கு ஒரு தாளு திருப்பி வைக்கிறது யாரு? காப்பாளர் சார் பேழையைத் திறந்து விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாரு. திருப்புறது நான்தான். இந்த மொழி எங்க அம்மா வீட்டுது, அந்த மொழி மாமியார் வீட்டுது. கண்ணுல பட்டா படிக்காம இருக்க முடியுமா? வேலைக்கு வந்த மூணாம் வருஷமே படிச்சுட்டேன்."

"இருபத்து மூன்று வருடமாகவா?" என்றார் சரிசமம். "யாரிடமும் சொல்லவில்லையா?"

"யாரு கேட்டா?"

சித்தி இரண்டு பிரதியையும் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள். மேஜையின் மேல் வைத்தாள். காப்பாளரிடம் பேழைச் சாவிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"சார், நான் சொல்றதைக் கேளுங்க. போலீஸ் வந்ததும், பிரதியை நீங்கதான் எடுத்தீங்க, சரிபார்க்க எடுத்தேன், சொல்ல மறந்துட்டேன், இந்தம்மாவுக்கு இதுல சம்பந்தம் இல்லைன்னு சொல்லணும். அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு தடவை, இந்த இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு தடவை. அது உங்களுக்குப் பழக்கம்தானே? பேரைச் சொல்லணும். 'துப்புரவுப் பணியாளர்'னு இல்ல, என் பேரு. தெரியுமா உங்களுக்கு?"

சரிசமத்தின் முகம் சிவந்தது. அவர் காப்பாளரைப் பார்த்தார். காப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், முதலில் இடது, அப்புறம் வலது.

சித்தி தன் பெயரைச் சொன்னாள். சரிசமம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எழுத்தைச் சரிபார்க்கும்படி அவளிடமே காட்டினார். இந்த மாளிகையில் அவளிடம் யாரும் எதையும் காட்டி ஒப்புதல் கேட்டது அதுதான் முதல் தடவை என்று ரேடியோவுக்குத் தெரியும். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம், வாசிக்கிற நேரம் வந்ததும், நேரம் ஆகுது, படிச்சதா வெச்சுக்கலாமான்னு கேளுங்க" என்றாள் சித்தி. "வேண்டாம்னு எவன் சொல்லுவான்?"

"அப்படி ஒரு வழி இருக்கிறதா?" என்றார் சரிசமம். முப்பது வருட உத்தியோகத்தில் அவர் கேட்டறியாத இராஜதந்திரம் அது.

மாலை நான்கு மணிக்கு எல்லாம் சித்தி சொன்னபடியே நடந்தது. அதற்கு முன்பே இடது கதவருகே ஒரு தடவையும், தோட்டத்தைச் சுற்றிப் போய் வலது கதவருகே ஒரு தடவையும், சித்தியின் பெயரைச் சொல்லிக் கைகட்டி மன்னிப்புக் கேட்டிருந்தார் சரிசமம். இரண்டு இன்ஸ்பெக்டர்களும் அவரவர் நோட்டில் 'இரண்டு திருடர்கள்' என்று எழுதியிருந்ததை அடித்தார்கள். பெரிய மனிதர்கள் இரண்டு கதவிலும் ஒரே நொடியில் நுழைந்தார்கள், ஒரே அளவு குனிந்தார்கள். முதல் பக்கத்தின் மூன்றாவது வரியிலேயே இடது நாட்டுப் பெரியவர் கொட்டாவியை அடக்கினார். வலது நாட்டுப் பெரியவர் அடக்கவில்லை.

"நேரம் கருதி, மீதியைப் படித்ததாக வைத்துக்கொள்ளலாமா?" என்றார் சரிசமம்.

இரண்டு நாடும் ஒரே மூச்சில் "சரி" என்றன. யார் முதலில் சொன்னார்கள் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கைதட்டல், கைகுலுக்கல், படம். ஐந்தே முக்காலுக்குக் கூடம் காலி. தரையெல்லாம் பூவிதழும், காகிதத் துண்டும், பெரிய மனிதர்களின் காலடிக் கறையும்.

வாசலில் மாஸ்டர் காத்திருந்தார். ரேடியோ போகாமல் நின்றாள். சித்தி பேழைகளைப் பூட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வந்து, கூடத்தின் இந்தக் கோடியில் மண்டியிட்டு ஆரம்பித்தாள். பித்தளைப் பட்டையைத் தாண்டும்போது அதையும் சேர்த்து ஒரு தேய் தேய்த்தாள்.

"இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே எப்படி சித்தி வெச்சிருந்தே?" என்று கேட்டாள் ரேடியோ. "நானா இருந்தா ஒரே நாள்ல ஊரெல்லாம் பரப்பியிருப்பேன்."

"சொன்னா சண்டை வரும்டி" என்றாள் சித்தி, துணியைப் பிழிந்துகொண்டே. "சண்டை வந்தா ரெண்டு பக்கமும் ரத்தமா கிடக்கும். ஒரு நாள் களைச்சுப் போய், மறுபடி கையெழுத்துப் போட இங்கேதான் வருவாங்க. அப்போ யாரு துடைக்கிறது? நான்தானே."